செவிசாய்ப்பு ஆண்டின் அறிக்கை

காலை ஐந்தரைக்கு எழுந்தான். படுக்கையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். பல் துலக்கினான். ஒருவருக்கு அளவாகச் சோறு வைத்தான். அந்த அளவு இன்னும் கைக்கு வரவில்லை, இன்றும் கூடிப்போயிற்று. மீதியை மூடி வைத்தான். எடுத்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டான். ஏழு நாற்பது பஸ். ஒரு மணி நேரம் நின்றபடியே பயணம். எட்டே முக்காலுக்குக் கடையின் ஷட்டரைத் தூக்கினான். ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியைத் துடைத்தான். கம்ப்யூட்டரைப் போட்டான்.

கடைக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், தேவாலயத்தின் மதில். மதிலை ஒட்டி நாலடிக்கு மூன்றடி இடம் காலியாகக் கிடந்தது. அவன் மனைவி தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த இடம். அவள் இறந்து ஏழு வாரம் ஆகிறது.

அவன் பி.ஏ. படித்தவன். படித்த படிப்புக்குக் கிடைத்தது டைப் அடிக்கும் வேலை. கடைக்காரர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘பி.ஏ.’ என்பார். மெச்சி அல்ல, குத்திக்காட்டி. தெருவுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும் குரல் அவருடையது. கேட்டுக் கேட்டு மனைவிக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவள் சொல்லும்போது மட்டும் அது நிஜப் பட்டம் மாதிரி இருக்கும்.

ஒன்பது மணிக்குச் சபையின் செயலாளர் அம்மா ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே செவிசாய்ப்புக் குழுத் தலைவர். கடைக்காரர் எழுந்து நின்றார். ஜெராக்ஸ், பைண்டிங், அழைப்பிதழ் என்று கடையில் பாதி வேலை தேவாலயத்தின் வேலைதான்.

“தம்பி, செவிசாய்ப்பு ஆண்டறிக்கை. நூத்திப் பன்னெண்டு பக்கம். வெள்ளிக்கிழமை பேராயர் கைக்குப் போகணும்,” என்றார் செயலாளர் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நாப்பத்தி நாலாம் பக்கத்துல உங்க மிஸஸ் வர்றாங்க. முழுப் பக்கம். கலர்ல.”

அவன் கட்டை வாங்கி மேசையில் வைத்தான்.

செவிசாய்ப்பு ஆண்டு தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று போதகர் பிரசங்கத்தின் நடுவே நிறுத்தி, “ஏழைகளின் குரலுக்குச் செவிசாய்க்க மறந்தோம்” என்று கண் கலங்கினார். சபையும் கலங்கியது. கலக்கம் தெளிந்துவிடுமோ என்ற பயத்தில், ஆராதனை முடிந்த கையோடு பதினொரு பேரைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். அரசாங்கத்தில் மனுக்கள் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தலைவராக்கினார்கள். ஏற்புரையில் அவர் சொன்னார்: “முப்பத்தாறு வருஷம் தினமும் ஜனங்களோட குறையைக் கேட்டவன் நான். ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை.” கைதட்டினார்கள்.

குழு ஏழு முறை கூடியது. கேட்பதற்கும் செவிசாய்ப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதை முதல் மூன்று கூட்டங்கள் ஆராய்ந்து, வேறுபாடு உண்டு என்று கண்டுபிடித்தன. நாலாவது கூட்டத்தில் இரண்டு துணைக்குழுக்கள் அமைந்தன. ஒன்று, கேட்பதற்கு முன் ஆயத்தம் செய்ய. மற்றது, கேட்டபின் தொடர் நடவடிக்கை எடுக்க. நடுவில் கேட்பதற்கு யாரையும் போடவில்லை. அது எல்லோருடைய பொறுப்பு என்று தீர்மானம் சொன்னது.

தீர்மானங்களை எல்லாம் அவன்தான் டைப் அடித்தான்.

பிறகு வெளியூரிலிருந்து ஒரு செவிசாய்ப்புப் பயிற்சியாளர் வந்தார். செவிசாய்ப்பது எப்படி என்று ஆறு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். நடுவில் ஒருவர் கையைத் தூக்கியபோது, கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்றார். கடைசியில் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் போவதற்குள் மூன்று வகைத் தலையசைப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டார். சிறு அசைப்பு: நான் உங்களோடு இருக்கிறேன். நடு அசைப்பு: உங்கள் வலி புரிகிறது. கண்ணை மூடி, மெதுவாக, நெஞ்சில் ஒரு கை வைத்து அசைப்பது மூன்றாவது வகை. எதிரில் இருப்பவர் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

குழுவினர் பதினொரு பேரும் வரிசையாக நின்று தலையசைத்துப் பழகியதை அவள் மதில் ஓரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அன்று பஸ்ஸில் வரும்போது அவனுக்கு நடித்துக் காட்டினாள்.

“பூம்பூம் மாடுகூட இவ்வளவு வகையா ஆட்டாது, பி.ஏ.”

“பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். இது நடு அசைப்பு. உன் வலி புரியுதுப்பா.”

எல்லா ஆயத்தமும் முடிந்தபின்தான் ஒரு ஏழை தேவை என்பது குழுவுக்கு நினைவு வந்தது. சபைக்குள் தேடினார்கள். கடைசி வரிசையில் உட்காருகிறவர்களிடம் கேட்டபோது, தாங்கள் ஏழை இல்லை, கால் வலிக்காகத்தான் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவதாகச் சொன்னார்கள். அப்போது ஆயத்தத் துணைக்குழு தகுதிகளை வகுத்தது. ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் பார்த்ததும் மனம் உடையும்படி இருக்கக் கூடாது. பேசத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பேச்சாளராக இருக்கக் கூடாது. சுத்தமாக இருக்க வேண்டும். புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வேலையை விட்டு வர முடிய வேண்டும்.

கடைசித் தகுதி ஊரில் இருந்த ஏழைகளில் முக்கால்வாசிப் பேரைக் கழித்துவிட்டது. மிஞ்சியவள் மதிலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

தலைவரும் செயலாளர் அம்மாவும் அவள் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவள் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் ரன்னர் மாற்றிக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி.

“சகோதரி, நீங்க ஏழைதானே?” என்றார் தலைவர்.

அவள் குண்டூசிகளை எடுத்துப் பஞ்சில் குத்தினாள். “ஏன் சார், எதுக்காவது லிஸ்ட் எடுக்கறீங்களா?”

“உங்க குரலைக் கேக்கணும்.”

“இப்ப கேக்குதா?”

“இப்படி இல்லம்மா,” என்றார் செயலாளர் அம்மா. “முறையா. மண்டபத்துல. மைக் வெச்சு. உங்களுக்கு எங்க கிட்ட சொல்லணும்னு ஏதாவது இருக்கா?”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்றால் அதுதான். அவளுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது.

தேவாலயத்துக்குப் பின்னால் சபை மண்டபம். மண்டபத்தில் எட்டு கழிப்பறைகள், பளபளவென்று, ஒவ்வொன்றின் கதவிலும் கட்டிக்கொடுத்த குடும்பத்தின் பெயர் பொறித்த தகடோடு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் திறந்திருக்கும். மற்ற ஆறு நாளும் பூட்டு. தெருமுனையில் இருந்த பொதுக் கழிப்பறையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அவள் காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை மதில் ஓரத்தில். வீடு ஒரு மணி நேரத் தொலைவு. ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருந்தது. அவன்கூடக் கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போய் வருவான். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிப்பதோடு சரி.

அந்தத் தெருவில் அப்படி அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். பழம் விற்பவள், தெரு பெருக்கும் இருவர், மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் மிஷின் வைத்திருப்பவள், பூட்டுச் சாவி செய்பவரின் மனைவி. அந்த ஆறாவது ஆள் ஒரு தடவை சொன்னாள்: “எங்க வீட்டுக்காரர் கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அரை மணியில மாத்துச் சாவி போட்டுக் குடுப்பார், அக்கா.”

“வேண்டாம்டி. திருட்டுச் சாவியில போனா பயத்துல வர்றதும் வராது. கேட்டே வாங்குவோம்.”

கேட்டிருந்தாள். மணியடிப்பவரிடம்தான் சாவிக்கொத்து. அவர் நல்ல மனிதர், ஒரு பதிவேட்டை எடுத்து விரித்தார். பெயர், சபை உறுப்பினர் எண், கழிப்பறைக்குச் செல்லும் நோக்கம், எதிர்பார்க்கப்படும் கால அளவு. “நோக்கம்னு போட்டிருக்கே, என்ன எழுதட்டும் அண்ணே?” என்று கேட்டாள். அவர் வெட்கப்பட்டுப் பதிவேட்டை மூடிவிட்டார். உறுப்பினர் எண் இல்லாமல் கட்டடக் குழுதான் அனுமதி தர முடியும் என்றார்.

அந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு மூன்று தடவை குளிர்காய்ச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே, முதுகில், ஆணி அடித்த மாதிரி வலி. டாக்டர் சிறுநீரகத்தில் கிருமி என்றார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

“டாக்டர் தண்ணி எழுதிக் குடுத்தார், கக்கூஸ் எழுதிக் குடுக்கலியே,” என்று சொல்லிச் சிரித்தாள் அவள். அவனும் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

முதல் செவிசாய்ப்பு ஒரு புதன்கிழமை நடந்தது. அவன் கடையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மேடையில் அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி. மார்பில் ஒரு அட்டை: ‘குரல்’. குழுவினர் மார்பில் காது படம் போட்ட அட்டை.

ஜெபம். வரவேற்புப் பாடல். தலைவரின் முன்னுரை நாற்பது நிமிடம். செவிசாய்ப்பின் பயணம் என்று செயலாளர் அம்மாவின் அறிக்கை. இன்னொரு பாடல். போதகரின் தியான உரை. அவள் நாற்காலியின் நுனியில் காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். மேடைக்கு வலப்பக்கம் இருந்த நடைவழியின் கடைசியில் எட்டு கதவுகள் தெரிந்தன. அவள் அவற்றைப் பார்ப்பதும் மைக்கைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, “இப்போது குரல்” என்று அறிவித்தார்கள். மூன்று நிமிடம். இரண்டே முக்காலில் ஒரு சின்ன மணி அடிக்கும்.

அவளுக்கு மூன்று நிமிடம் தேவைப்படவில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். உங்க மண்டபத்துல எட்டு கக்கூஸ் இருக்கு. பகல்ல ஒண்ணு மட்டும் எங்களுக்குத் திறந்து விடுங்க. நாங்க ஆறு பொம்பளைங்க. தினமும் கழுவிச் சுத்தமா வெச்சுக்கறோம், அது என் பொறுப்பு. அந்தக் கதவைத் திறந்து விட்டீங்கன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

பதினொரு பேரும் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, மெதுவாக, மூன்றாவது வகையாகத் தலையசைத்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். போதகர் நிஜமாகவே அழுதார். அவர் நல்லவர், எதற்கும் அழுவார்.

கூட்டம் கலைந்ததும் அவள் நேராக மணியடிப்பவரிடம் போனாள். “அண்ணே, இப்ப மட்டும் ஒரு தடவை. ரெண்டு மணி நேரமா உக்காந்திருந்தேன்.”

“சாவிக்கொத்து தலைவர் கிட்ட இருக்கும்மா. விழாவுக்குன்னு வாங்கினாரு. இப்பதான் கார்ல போனாரு.”

மறுநாள் நடவடிக்கைக் குறிப்பு டைப்புக்கு வந்தது. செயலாளர் அம்மாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘சகோதரி அவர்கள், ஒரு கதவைத் திறந்துவிடும்படி உருக்கமாகக் கேட்டுக்கொண்டார்.’

அவன் இரண்டு தடவை படித்தான். பிறகு கேட்டான்: “மேடம், எந்தக் கதவுன்னு போடலியே.”

“தம்பி, அந்த வார்த்தையை எப்படி எழுதறது? நூறு வருஷப் பதிவேடு. இதே புஸ்தகத்துலதான் ஞானஸ்நானமும் கல்யாணமும் இருக்கு. பேராயர் வாசிக்கிறப்ப ஜெபம் பண்ணிட்டுத்தான் திறப்பார்.”

“கழிப்பறைன்னு போடலாமே. கழிவறை, ஓய்வறை…”

“எப்படிப் போட்டாலும் அதுதானே? எங்களுக்கு எல்லாம் தெரியுமே. பதினொரு பேர் கேட்டோமே. காதால கேட்டதை யாராவது மறப்பாங்களா?”

உள்ளிருந்து கடைக்காரரின் குரல் வந்தது. “பி.ஏ., வர்றதை அப்படியே அடிக்கறதுதான் நம்ம தொழில். உன் பி.ஏ.வை வீட்ல வெச்சுட்டு வா.”

அவன் அடித்தான். ‘ஒரு கதவைத் திறந்துவிடும்படி.’ பிழை இல்லாமல் அடித்தான். நாலு பிரதி எடுத்தான்.

அன்று மாலை பஸ்ஸில் அவள் கேட்டாள். “நான் சொன்னதை எழுதிட்டாங்களா?”

“எழுதிட்டாங்க.”

“அப்படியேவா?”

“ம்.”

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். “பாத்தியா, வாயைத் திறந்து கேட்டா நடக்கும். நீதான் சும்மா பயந்தே.”

பேராயர் குறிப்பை வாசித்தார். ஒரு ஏழைச் சகோதரி வேறெதுவும் வேண்டாமல் ஒரு கதவை மட்டும் கேட்டது அவரை உலுக்கிவிட்டது. அது எந்தக் கதவு என்று அனைத்துச் சபைகளும் தியானிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சபை தியானித்தது. இதயக் கதவு என்று வாலிபர் சங்கம் சொன்னது. பெண்கள் ஐக்கியம் பரலோகக் கதவு என்றது. நடுவில் மணியடிப்பவர் மெல்ல எழுந்து, “அது வந்து, பின்னாடி இருக்கிற…” என்று ஆரம்பித்தார். பின்னால் என்றால் வரலாறு என்று தலைவர் விளக்கினார். சபை வரலாற்றில் மூடிய கதவுகள் என்ற தலைப்பில் மூன்று வாரம் கருத்தரங்கு நடந்தது.

குழுவின் பதினொரு பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர்களின் தியானத்தைக் கேட்கக் கேட்க, தாங்கள் அன்று கேட்டது சரிதானா என்ற சந்தேகம் வந்தது. சந்தேகத்தைத் தீர்க்கக் குறிப்பைப் புரட்டினார்கள். குறிப்பில் கதவு என்று இருந்தது. நிம்மதியானார்கள்.

கடைசியில் ஒரு கதவு செய்தார்கள். பதினோரு அடி உயரம், நல்ல மரம், பித்தளைக் கைப்பிடி. பீடத்துக்கு இடப்பக்கம் நிறுத்தினார்கள். சுவர் இல்லாத கதவு. முன்னாலும் பின்னாலும் ஒரே தரைதான். விரியத் திறக்கும், பூட்டே கிடையாது. பூட்டு வைக்க வேண்டாம் என்பதில் தலைவர் உறுதியாக இருந்தார்.

அதற்குத் திரை தைக்கும் வேலை அவளிடம் வந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட். ஊசி வழுக்கும் துணி, கையால் ஓரம் அடித்தாள். அவளுக்கு அப்போது நாலாவது காய்ச்சல்.

“எதுக்கு இந்தத் திரை?” என்று கேட்டாள்.

அவன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். “ஏதோ விழாவாம்,” என்றான்.

“கக்கூஸ் திறக்கிறதுக்கு வெல்வெட் எதுக்குடா சாமி. ஒரு விளக்குமாறு போதுமே.”

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் திறந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. படுத்துக்கொள் என்றான்.

“இன்னிக்குத்தான் திறக்கறாங்க. நான் கேட்டது. நான் இல்லாம எப்படி?” என்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். பஸ்ஸில் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். அவ்வளவு மோசமாகத் தெரிந்தாள்.

பேராயர் கயிற்றை இழுத்தார். வெல்வெட் விலகியது. அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கூட்டத்துக்குள் அவனைத் தேடினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் புத்திசாலி. நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது.

அவளைக் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடத்திப் போனார்கள். இசைக்குழு தயாராக நின்றது. அவள் மைக்கைத் தேடினாள். மைக் இல்லை.

“சென்ற முறை இவருடைய சொற்களைக் கேட்டோம்,” என்றார் தலைவர். “சொற்களைக் கேட்பது எளிது, சகோதரரே. இன்று இன்னும் ஆழமாகப் போவோம். இரண்டு நிமிடம் இவருடைய மௌனத்தைக் கேட்போம்.”

எழுநூறு பேர் அவளுடைய மௌனத்தைக் கேட்டார்கள். ஒரு நிமிடம் கேட்டிருப்பார்கள்.

“ஐயா, இந்தக் கதவு இல்லை,” என்றாள் அவள். மைக் இல்லாவிட்டாலும் நல்ல குரல் அவளுக்கு. “நான் கேட்டது கக்கூஸ் கதவு.”

முதல் வரிசையில் யாரோ இருமினார்கள். செயலாளர் அம்மா கையைக் காட்டினார். இசைக்குழு பாடத் தொடங்கியது. நாலு சுருதியில் பயின்ற பாடல், ‘திறந்ததே, திறந்ததே’ என்று முடியும். பேராயர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கேட்டார், “அந்தப் பெண் என்ன சொன்னார்?” பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், ஐயா.”

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், “நீ ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றாள். அவளே சொன்னாள், “உன் வேலை போயிருக்கும். தெரியும். விடு.”

செவ்வாய்க்கிழமை மிஷின் மேலேயே தலை கவிழ்ந்தாள். பழம் விற்பவளும் சாவிக்காரர் மனைவியும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் இருந்தாள்.

இரண்டாம் நாள் செவிசாய்ப்புக் குழு பார்க்க வந்தது. வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்பதால் இரண்டிரண்டு பேராக உள்ளே வந்து, காது அட்டையோடு கட்டிலருகில் நின்று, நடு வகையில் தலையசைத்துவிட்டுப் போனார்கள். பதினோராவது ஆள் தனியாக வந்து, ஒரு படிவத்தை அவன் கையில் கொடுத்தார். ‘உங்கள் குரல் கேட்கப்பட்டதாக உணர்கிறீர்களா? முழுமையாக / பெருமளவு / ஓரளவு.’ நாலாவது கட்டம் இல்லை.

கடை மேசையில் இருந்த காகிதக் கட்டைப் பிரித்து, அவன் அறிக்கையின் நாற்பத்தி நாலாம் பக்கத்தை எடுத்தான். கதவைக் கடந்து வரும் அவள் படம் ஒட்டியிருந்தது. கண்கள் பளபளத்தன. பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்ளலாம். அன்று அவளுக்குக் காய்ச்சல் நூற்றி மூன்று. படத்துக்குக் கீழே செயலாளர் அம்மாவின் முத்து எழுத்து:

‘சகோதரி அவர்கள் மரிக்கும் தறுவாயில் சொன்ன கடைசி வார்த்தைகள்: நான் தட்டினேன், எனக்குத் திறக்கப்பட்டது.’

“இதையே பித்தளைத் தகட்டுல பொறிச்சு அந்தக் கதவுல பதிக்கப்போறோம்,” என்றார் தலைவர். “நீங்க ஒரு தடவை பார்த்து ஒப்புதல் குடுத்துட்டீங்கன்னா, கீழ ஒரு கையெழுத்து.”

“அவ இப்படிச் சொல்லலியே, சார்.”

“சொல்லியிருப்பாங்க இல்லையா?” என்றார் செயலாளர் அம்மா. “அவங்க மனசு எங்களுக்குத் தெரியுமே.”

“அந்த கக்கூஸை இன்னும் திறக்கலியே.”

கடைக்காரர் கனைத்தார். தலைவருக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தாறு வருட அனுபவம். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். குரலில் நிஜமான பரிவு இருந்தது.

“தம்பி, உங்க துக்கம் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. கழிப்பறை கட்டடக் குழுவோட விஷயம். யாராவது முறைப்படி கேட்டிருந்தா நாங்க ஏன் மறுக்கப் போறோம்? ஒரு வருஷக் குறிப்பு மொத்தமும் இதோ இருக்கு. எங்கயாவது ஒரு இடத்துல கழிப்பறைன்னு ஒரு வார்த்தை இருக்கா, காட்டுங்க. நீங்கதானே எல்லாத்தையும் டைப் பண்ணினீங்க.”

அவன் குறிப்புகளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

“சரி, நாங்க எழுதினது தப்புன்னா விடுங்க,” என்றார் தலைவர். பைக்குள் கை விட்டுக் காது படம் போட்ட அட்டையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். “அவங்க கடைசியா என்னதான் சொன்னாங்க? சொல்லுங்க. கேக்கறோம்.”

செயலாளர் அம்மாவின் தலை சிறிதாக அசைந்தது.

அவன் வாயால் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். நாற்பத்தி நாலாம் பக்கத்தைத் திறந்தான். ‘கடைசி வார்த்தைகள்’ வரை அடித்து, முக்காற்புள்ளி வைத்தான். கடைக்காரர், “பி.ஏ., வர்றதை அப்படியே அடி,” என்றார். அப்படியேதான் அடித்தான். ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள் காலை, நர்ஸ் சிறுநீர்க் குழாயைப் பொருத்தி, பையைக் கட்டிலில் மாட்டிவிட்டுப் போனபின், அவள் கண்ணைத் திறந்து அந்தப் பையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“டியூப் போட்டாச்சுல்ல. இனிமே எழுந்து எங்கயும் போக வேண்டாம். தண்ணி குடு, பி.ஏ. நிறைய குடு.”